பூவுக்கு ஒரு சட்டம், இலைக்கு ஒரு சட்டம்

தெப்பக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில், பத்துப் பன்னிரண்டு இளைஞர்களோடு உட்கார்ந்து வன உரிமைச் சட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு தம்பி செல்போனை நீட்டினான். அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு வீடியோ. கண்ணாடிக் குப்பியில் பச்சைப் பூ. "டி.எச்.சி.ஏ பூ, முதல்முறை பிடிப்பவர்களுக்கான பாதுகாப்பான வழிகள்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே விளக்குகிறார்.

"அக்கா, அங்க இது லீகலாம். அப்ப இதுல என்ன ஆபத்து? எப்படி எடுத்தா சேஃப்?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அதற்கு ஆறு மாதம் முன்புதான், மலையில் வேறொரு ஊரில், அவன் வயதுப் பையன் ஒருவன் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டு, ரிமாண்டில் இருந்து திரும்பி வந்திருந்தான். அவனுக்கு வக்கீல் தேடி அலைந்தது நாங்கள்தான். வேலை போயிற்று, படிப்பும் நின்றது. ஊரில் அவனுக்குக் 'கஞ்சா' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

தம்பியின் கேள்வி நியாயமானது. "போதை தப்பு, போ" என்று சொல்லி அதை மூடிவிட முடியாது. பாதுகாப்பு என்றால் யாரிடமிருந்து, எதனிடமிருந்து என்று கேட்டால் ஒரு நீண்ட வரலாறு திறக்கிறது. அந்த வரலாற்றில் நம் முன்னோர்களும் இருக்கிறார்கள்.

முதலில் அந்தப் பூ

டி.எச்.சி.ஏ என்பது புதிய பொருள் அல்ல. கஞ்சாச் செடியின் பச்சைப் பூவில் இயற்கையாகவே இருக்கும் ஓர் அமிலம். அப்படியே இருக்கும்வரை அது போதை தராது என்பார்கள். சூடு பட்டதும் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து டி.எச்.சி ஆகிவிடும். போதை தருவது அதுதான். பற்றவைத்த அடுத்த நொடி 'டி.எச்.சி.ஏ பூ'வும் கஞ்சாவும் ஒன்றே.

அப்படியானால் அமெரிக்காவில் அது எப்படிக் கடைக்கு வந்தது? 2018-ல் வந்த வேளாண் சட்டம், காய்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத செடியைச் சணல் வகை என்று வரையறுத்தது. சூடு பட்ட பிறகு உருவாகும் டி.எச்.சியைப் பற்றி அந்த வரையறை பேசவில்லை. வியாபாரிகள் அந்த ஓட்டை வழியாகப் பூவைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் நாட்டில் அந்த ஓட்டை கிடையாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் (என்.டி.பி.எஸ்) சதவீதத்தை அளப்பதில்லை. செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிப்பகுதி எதுவானாலும் கஞ்சா என்கிறது. தனியாக இருக்கும் இலையையும் விதையையும் மட்டும் விட்டுவிடுகிறது. ஆகவே இங்கே அந்தக் குப்பியின் மேல் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், பிடிபட்டால் வழக்கு கஞ்சா வழக்குதான்.

பூவைப் பிடிக்கும் சட்டம் இலையை ஏன் விட்டது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பின்னால் போவோம்.

கப்பலில் போன செடி

1860 நவம்பர் 16. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் இந்தியர்கள் அதில் இருந்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு பத்தி உண்டு. பறையர் என்று எழுதப்பட்ட பெயர்கள் அவற்றில் ஏராளம். நிலமில்லாதவர்களும் பஞ்சத்தில் அடிபட்டவர்களும் பண்ணையாரிடமிருந்து தப்பியவர்களும் கடல் தாண்டினார்கள்.

பத்தே ஆண்டுகளில், 1870-ல், நேட்டால் அரசு கூலிகளுக்கான சட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தது: எந்தக் கூலியும் கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் புகைக்கவோ, பயன்படுத்தவோ, வைத்திருக்கவோ கூடாது; அவர்களுக்கு யாரும் அதை விற்கவோ கொடுக்கவோ கூடாது. நவீன உலகின் பழைய கஞ்சாத் தடைச் சட்டங்களில் இதுவும் ஒன்று. அது எழுதப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். செடி கெட்டது என்று பொதுவாகச் சொல்லி எல்லோரையும் தடுக்கவில்லை. 'கூலி' என்று பெயர் சொல்லித் தடுத்தது. தோட்ட முதலாளிக்கு நாள் முழுக்கக் கரும்பு வெட்டும் உடல் வேண்டும். வேலை முடிந்த பிறகும் அந்த உடல் அவனுடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

கரீபியத்திலும் இதே கதை. 1845-ல் ஜமைக்காவுக்கு இந்தியக் கூலிகள் போனார்கள். செடியும் போயிற்று, 'கஞ்சா' என்ற சொல்லும் போயிற்று. இன்றும் ஜமைக்காவின் கறுப்பின உழைப்பாளிகள் அதைக் 'கஞ்சா' என்றே அழைக்கிறார்கள். 1913-ல் அங்கேயும் தடை வந்தது.

பிறகு தென்னாப்பிரிக்கா தன் தடையை உலகத்துக்கே எடுத்துப் போனது. 1923-ல் சர்வதேச சங்கத்திடம் கஞ்சாவையும் ஆபத்தான பொருட்களின் பட்டியலில் சேர்க்கக் கோரியது. 1925 ஜெனீவா ஒப்பந்தத்தில் அது இடம் பிடித்தது. கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு எதிராகத் தொடங்கியது ஐம்பத்தைந்து ஆண்டுகளில் சர்வதேசச் சட்டமாகிவிட்டது.

ஏழு தொகுதிகளும் ஒரு காலிப் பத்தியும்

இதற்கிடையில் இந்தியாவில் வேறொன்று நடந்தது. கஞ்சா மக்களைப் பைத்தியமாக்குகிறது, பைத்தியக்கார மருத்துவமனைகள் நிரம்புகின்றன என்ற புகார் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. 1893-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியக் கஞ்சா ஆணையத்தை அமைத்தது. மேக்வொர்த் யங் அதன் தலைவர். ஆணையம் 1,193 சாட்சிகளிடம் கேட்டு, 1894-ல் ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தது.

சமூகவியல் படிக்கும் தோழர்கள் அந்த அறிக்கையில் ஒரு பகுதியை அவசியம் வாசிக்க வேண்டும். மனநல விடுதிகளின் பதிவேடுகளை ஆணையம் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தது. 'காரணம்: கஞ்சா' என்று அவற்றில் இருந்தது. இதை எழுதியவர் யார்? பெரும்பாலும் மருத்துவர் இல்லை. தெருவில் திரிந்தவரைப் பிடித்து வந்த போலீஸ்காரர் நிரப்பிய படிவத்தில் காரணம் என்று ஒரு பத்தி இருந்தது. அதைக் காலியாக விட முடியாது. விவரம் தெரியாதபோது 'கஞ்சா' என்று எழுதிவிட்டார்கள். விடுதிப் பதிவேடு அதை அப்படியே படியெடுத்தது. அடுத்து அரசின் புள்ளிவிவரம் அதைப் படியெடுத்தது. ஆணையம் ஒவ்வொரு வழக்காக விசாரித்தபோது அவற்றில் பாதிக்கும் மேல் நிற்கவில்லை.

அளவோடு பயன்படுத்துவதால் பொதுவாகக் கேடில்லை, மிதமிஞ்சினால் கேடு உண்டு, முழுத் தடை தேவையுமில்லை உசிதமுமில்லை, வரி போட்டு உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்தலாம் என்று ஆணையம் முடித்தது.

இதை வைத்து "வெள்ளைக்காரனே கஞ்சா நல்லது என்றான்" என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி அல்ல. கஞ்சா மூலம் அரசுக்கு வரும்படி இருந்தது. வங்காளத்தில் அரசின் கண்காணிப்பில் பயிரிட்டு, கிடங்கில் வைத்து, தீர்வை வாங்கி விற்றார்கள். வரும்படி வருகிற இடத்தில் தடை வேண்டாம், வேலை கெடுகிற இடத்தில் தடை வேண்டும். நேட்டால் சட்டமும் ஆணையத்தின் அறிக்கையும் ஒரே பேரரசின் இரண்டு கணக்குகள். சாட்சிகளில் பெரும்பாலோர் அதிகாரிகளும் மருத்துவர்களும் மிஷனரிகளும் ஊர்ப் பெரியவர்களும்தான். சிலும்பி பிடித்த உழைப்பாளியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அவன் பேசியது அந்த ஏழு தொகுதிகளில் அரிதாகத்தான் கேட்கிறது.

ஆணையம் அமைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1891 டிசம்பர் 1-ல், இதே நீலகிரியில் உதகையில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, ஒடுக்கப்பட்டோரின் கோரிக்கைகளைத் தீர்மானங்களாக நிறைவேற்றினார். அவர் சித்த மருத்துவரும்கூட. மூலிகையும் அரசியலும் அறிந்த மனிதர் இந்த மலையிலேயே இருந்தார். அரசு அறிக்கைகளில் நம் மக்கள் பேசுபொருளாக மட்டும் இருந்த காலத்தில், நாம் பேசவும் செய்தோம் என்பதற்கு அவர் சாட்சி.

காட்டில் நடந்தது

தெப்பக்காடு முதுமலைக் காட்டின் நடுவில் இருக்கிறது. காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், பணியர் வாழும் பகுதி. யானை முகாமில் தலைமுறை தலைமுறையாகப் பாகன்களாகவும் காவடிகளாகவும் இருப்பவர்கள் இந்த மக்களே. 2023-ல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தால் உலகம் இந்த ஊரைப் பார்த்தது.

உலகம் பார்க்காத ஒன்று உண்டு. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தபோது, நேற்றுவரை வாழ்க்கையாக இருந்தவை இன்று குற்றமாயின. விறகும் கிழங்கும் தேனும் வேட்டையும் அப்படித்தான் ஆயின. 1940-ல் முதுமலை சரணாலயமானது, 2007-ல் புலிகள் காப்பகமானது. ஒவ்வொரு அறிவிப்பிலும் கோடு கொஞ்சம் நகர்ந்தது. கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் நகரவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் இதை 'வரலாற்று அநீதி' என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது.

போதைப் பொருள் பற்றிய விவாதத்திலும் ஆதிவாசிகளின் குரல் ஒருமுறை உரத்து ஒலித்திருக்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்கு பற்றிய வழிகாட்டு நெறி (இன்றைய 47-ஆவது பிரிவு) விவாதிக்கப்பட்டது. ஜெய்பால் சிங் முண்டா எழுந்து எதிர்த்தார். அரிசிக் கள் எங்கள் வழிபாட்டின் பகுதி, இந்த மண்ணின் மூத்த மக்களின் சமய உரிமையில் நீங்கள் கை வைக்கிறீர்கள் என்ற பொருளில் பேசினார். இது வழிகாட்டு நெறிதான், எப்போது எப்படிச் செயல்படுத்துவது என்பது அரசுகளைப் பொறுத்தது, பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி அமைப்புகள் இருக்கின்றன என்ற வகையில் அண்ணல் அம்பேத்கர் பதில் சொன்னார். ஆனால் தமிழ்நாட்டில் இன்றுவரை ஒரு பகுதிகூட ஐந்தாம் அட்டவணையில் சேர்க்கப்படவில்லை. நீலகிரியும் சேரவில்லை. அந்தப் பாதுகாப்பு நம் மலைக்கு வந்து சேரவே இல்லை.

இலை தப்பியது, பூ மாட்டியது

1961-ல் ஐ.நா.வின் போதைப்பொருள் ஒற்றை ஒப்பந்தம் வந்தது. பழக்கமாகப் பயன்படுத்தும் நாடுகள் 25 ஆண்டுகளுக்குள் அதை நிறுத்த வேண்டும் என்றது. ஆனால் தனியாக இருக்கும் இலையைக் கஞ்சா என்ற வரையறைக்குள் கொண்டுவரவில்லை. அந்தக் கெடு நெருங்கியபோது இந்தியா 1985-ல் என்.டி.பி.எஸ் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு நவம்பர் 14-ல் அது நடைமுறைக்கு வந்தது.

இலை என்றால் பாங்கு. வட இந்தியாவில் ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் பாலில் அரைத்துக் குடிப்பது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இன்றும் உண்டு. பூ என்றால் கஞ்சா. பீடியிலும் சிலும்பியிலும் அடைத்துப் பிடிப்பது. மூட்டை தூக்குபவரும் குப்பை அள்ளுபவரும் லாரி ஓட்டுபவரும் உடம்பு வலிக்குப் பிடிப்பது. சாமியார்களும் பூவைத்தான் பிடிக்கிறார்கள். கும்பமேளாவில் கேமரா முன்னால் பிடிக்கிறார்கள். அவர்கள் மேல் குண்டர் சட்டம் பாய்ந்து நாம் பார்த்ததில்லை.

மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுக்குள் 2.8 சதவீதம் பேர், அதாவது சுமார் 3.1 கோடி பேர், முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடிப் பொருட்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாங்கு 2 சதவீதம். கஞ்சாவும் சரசும் சேர்த்து 1.2 சதவீதம். அதிகம் பேர் எடுப்பது சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. குறைவானவர்கள் எடுப்பது சிறைக்கு அனுப்புகிறது. அதே கணக்கெடுப்பில் மது 14.6 சதவீதம். நம் மாநிலத்தில் அந்த மதுவை 2003 முதல் அரசே சில்லறையில் விற்கிறது. 1894-ஆம் ஆண்டின் வரும்படிக் கணக்கு இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

நாட்டின் விசாரணைக் கைதிகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகம் என்பதை அரசின் சிறைப் புள்ளிவிவரமே ஆண்டுதோறும் சொல்கிறது. கஞ்சா வழக்கு அதற்கு வாகான கருவி. கையில் பொருள் இருந்தது என்று காட்டினாலே பல இடங்களில் குற்ற எண்ணம் இருந்ததாகச் சட்டம் அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை பிடிபட்டவர் தலையில் விழுகிறது. வக்கீல் வைக்க முடியாதவர் அதை எப்படிச் சுமப்பார்?

அப்படியானால் பாதுகாப்பு எது?

அந்தத் தம்பியிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறோம்.

முதலில் சட்டம். ஒரு கிலோவுக்குக் குறைவானது 'சிறிய அளவு': ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, ஜாமீன் மிக அரிது. வைத்திருக்காமல் பயன்படுத்தியதற்கும் தண்டனை உண்டு. இதற்கு மேல், 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குண்டர் தடுப்புச் சட்டம் 'போதைப்பொருள் குற்றவாளி' என்று முத்திரை குத்தி, விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்க இடம் தருகிறது. நண்பனின் பையைச் 'சும்மா வச்சிரு' என்று வாங்கி வைப்பதும் உங்கள் மேல் வழக்காகும்.

பிடிபட்டால் என்ன செய்வது? உடலைச் சோதிக்கும் முன், நடுவர் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை 50-ஆவது பிரிவில் உண்டு. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. பைக்கும் வண்டிக்கும் இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆகவே ஏமாற வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் கீழ் விசாரணை அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று தீர்ப்பளித்தது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும், அதனால் வயதுச் சான்றைக் கையோடு கொண்டு ஓடுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் அது உரிமை.

அடுத்து உடம்பு. முதல்முறைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை எங்களால் சொல்ல முடியாது. ஒரு பொட்டலத்தில் எவ்வளவு டி.எச்.சி, எதைக் கலந்திருக்கிறார்கள் என்பது விற்பவனுக்கே தெரியாது. இருபத்தைந்து வயது வரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதுக்குள் அடிக்கடி எடுப்பது நினைவையும் படிப்பையும் அரிக்கும். வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் உங்களுக்கு ஆபத்து பல மடங்கு. 1894 ஆணையம் பொய்க்கணக்கைத் தோலுரித்தது உண்மை. அதற்காக இந்த ஆபத்து பொய் ஆகிவிடாது. தின்பண்டமாகச் சாப்பிட்டால் போதை ஏற ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். 'ஏறவில்லை' என்று மீண்டும் சாப்பிட்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். மதுவோடு சேர்ந்தால் இரண்டும் கூடி அடிக்கும். எடுத்துவிட்டுக் கல்லட்டி மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது சாவை அழைப்பது.

யாராவது எடுத்துவிட்டுப் பயத்தில் நடுங்கினால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். அமைதியான இடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கூடவே இருங்கள். மயங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ 108-ஐ அழையுங்கள். 'போலீஸ் வந்துவிடும்' என்ற பயத்தில் உயிரை விட்டுவிடக் கூடாது. விட முடியாமல் தவிப்பவர்களுக்கு 14446 என்ற உதவி எண் இருக்கிறது. சிறிய அளவு அல்லது பயன்பாட்டு வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு பெற 64ஏ பிரிவு வழி தருகிறது. இந்தப் பிரிவைப் பற்றி ஊரில் யாருமே சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

கூலியின் பேரர்கள்

வரலாறு ஒரே திசையில் ஓடுவதில்லை. கூலிகளைத் தடுத்த அதே தென்னாப்பிரிக்காவில், 2018 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், வயதுவந்தோர் தனிமையில் பயன்படுத்துவது குற்றமல்ல என்றது. ஜமைக்கா 2015-ல் சிறிய அளவைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27-க்கு 25 என்ற வாக்கில் முடிவெடுத்தது. இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. வியன்னாவில் கை தூக்கிய அரசு இங்கே 1985-ஆம் ஆண்டின் வரையறையைத் தொடவில்லை.

நாங்கள் கஞ்சாவுக்குக் கொடி பிடிக்கவில்லை. அதில் வீணாய்ப்போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறோம், அவர்களின் அம்மாக்களையும் பார்த்திருக்கிறோம். ஊருக்குள் மொத்தமாகக் கொண்டுவந்து இறக்குபவன் பெரும்பாலும் நம் ஆள் இல்லை. மாட்டுபவன்தான் நம் ஆள். ஒரு பிள்ளைக்குச் சிகிச்சை தேவைப்படும்போது சிறையைக் கொடுப்பதையும், ஒருவரின் இலையைப் பிரசாதம் என்றும் இன்னொருவரின் பூவைக் குற்றம் என்றும் எழுதி வைப்பதையும்தான் கேள்வி கேட்கிறோம்.

அந்தத் தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த வீடியோவுல இருக்கறவனுக்குச் சேஃப், எனக்கு இல்ல. அப்படித்தானே அக்கா?" என்றான். ஆமாம் என்றோம். அடுத்த கூட்டத்துக்கு அவனே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ரிமாண்டில் இருந்து திரும்பிய அந்தப் பையனைத் தேடிப்போய் அழைத்து வந்திருந்தான். அன்று 50-ஆவது பிரிவையும் 64ஏ பிரிவையும் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நிறுத்திய படிப்பைத் தொலைதூரக் கல்வியில் தொடர அந்தப் பையனுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தோம். அதிலும் சாதிக்கு ஒரு பத்தி இருந்தது. அதை அவனே தன் கையால் எழுதினான்.

ஜெய்பீம்.